கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ், ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோ: பழைய அமெரிக்க ஃபிடில் பாஞ்சோ இசைக்கு இது மறுபிறப்பா, வெறும் வேஷமா?

டர்ஹம்செந்தில்

ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் இந்த மன்றத்தில் உரையாடல் இழைகள் நிறைய இருக்கின்றன. ஓல்ட் டைம் இசைக்கு ஒன்றுகூட இல்லை, அதனால் நானே தொடங்குகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஓல்ட் டைம் என்பது அந்த இசைக்கே பெயர். ரேடியோவும் மைக்கும் வருவதற்கு முன்னால், அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலும் அப்பலாச்சிய மலை ஊர்களிலும், சோளம் உரித்து முடித்த ராத்திரிகளில் ஜனங்கள் ஆடுவதற்காக ஃபிடிலும் (வயலின்தான்) பாஞ்சோவுமாக (தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) வாசித்த மெட்டுகள். ப்ளூகிராஸ் வேறு. அது பில் மன்ரோவின் குழுவில், 1945 கடைசியில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோவோடு வந்து சேர்ந்த பிறகு உருவான மேடை இசை, ஒவ்வொருவராக முன்னால் வந்து வேகம் காட்டுவார்கள். ஓல்ட் டைமில் தனி ஆவர்த்தனம் கிடையாது. எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிப்பார்கள், திரும்பத் திரும்ப.

நான் வட கரோலினா மாநிலத்தில், டர்ஹமில் இருந்து க்ரீன்ஸ்பரோவுக்கு வேலைக்குப் போய் வருகிறவன். வழியில் மெபேன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஜோ தாம்ஸன் என்று ஒரு கறுப்பின ஃபிடில்காரர் இருந்தார். 1918இல் பிறந்தவர், மேஜை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அப்பாவிடமிருந்து ஃபிடில் கற்றவர். பாஞ்சோ வாசித்த கசின் ஓடெல் 1994இல் இறந்த பிறகு ஏறக்குறைய தனியாகிவிட்டார். 2005 ஏப்ரலில் பூன் நகரத்தில் கறுப்பின பாஞ்சோ கலைஞர்களுக்காக ஒரு கூடுகை நடந்தது. அங்கே சந்தித்த மூன்று இளைஞர்கள், ரியானன் கிடன்ஸ், டாம் ஃப்ளெமன்ஸ், ஜஸ்டின் ராபின்சன், வியாழக்கிழமை தோறும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். கரோலினா சாக்லேட் ட்ராப்ஸ் குழு அப்படித்தான் பிறந்தது. தாம்ஸனுக்கு அப்போது வயது எண்பத்தாறு.

இதை 'பழைய இசையை நவீனப்படுத்தினார்கள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இவர்கள் ஒரு கிழவர் வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்து, அவர் வில்லைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். நவீனமெல்லாம் அதற்கப்புறம் வந்தது. உங்கள் கருத்து என்ன?

பழையதட்டு

செந்தில், இழைக்கு நன்றி. இந்த இசை எனக்கு உயிர், அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். ட்ராப்ஸைப் பற்றி நீங்கள் சொல்வது இருக்கட்டும், இந்த அலையில் வந்த மற்ற குழுக்களில் பாதி வேஷம்தான். 2000இல் கோயன் சகோதரர்களின் ஒரு படம் வந்தது, டி போன் பர்னெட் தயாரித்த அதன் பாடல் தட்டு கோடிக்கணக்கில் சம்பாதித்து, 2002இல் அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று கிராமி விருது வாங்கியது. அதற்குப் பிறகு தோள்பட்டையில் வார், தலையில் பழைய தொப்பி, கையில் பாஞ்சோ என்று ஒரு கூட்டமே கிளம்பிவிட்டது. 2013இல் அதே கிராமியை வாங்கிய மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸ் லண்டன் குழு. பாஞ்சோ இருக்கிறது, ஆனால் அது ராக் பாட்டுக்கு மேலே தூவிய கொத்தமல்லி.

மூலத்தைக் கேளுங்கள். 1927இல் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் பதிவு செய்த கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ். ஹாரி ஸ்மித் 1952இல் தொகுத்த 84 பழைய பதிவுகள். மூன்று நிமிஷத் தட்டில் அந்த மனிதர்கள் வைத்துவிட்டுப் போனதில் இப்போதைய ஆட்கள் சேர்க்க என்ன இருக்கிறது?

வயலின்காயத்ரி

இந்த இசை எனக்குப் புதிது. செந்தில் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சந்தேகம். நான் கர்நாடக சங்கீதத்தில் பதினைந்து வருஷம் வயலின் வாசிக்கிறேன். மேற்கத்திய வயலினில் தந்திகளை ஜி, டி, ஏ, ஈ என்று கட்டுவார்கள். சில பழைய ஃபிடில் பதிவுகளில் அப்படிக் கேட்கவில்லை, அடித்தந்தி இரண்டும் ஏதோ கூடவே முழங்கிக்கொண்டிருக்கிறது. என் காது சரிதானா?

டர்ஹம்செந்தில்

சரியேதான் காயத்ரி. அதைக் கிராஸ் ட்யூனிங் என்பார்கள். நிறைய மெட்டுகளுக்கு ஃபிடிலை ஏ, ஈ, ஏ, ஈ என்று கட்டிக்கொள்வார்கள். இப்போது இதை ஸ்வரமாகச் சொல்லிப் பாருங்கள். ஏ-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ, ப, ஸ, ப. உங்கள் வயலினை நீங்கள் தினமும் எப்படிக் கட்டுகிறீர்களோ அதே முறை. எனக்கு இது புரிந்த அன்று கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்ததில்லை. வாசிக்கிற தந்தியோடு பக்கத்துத் தந்தியும் சுருதியாக முழங்க வேண்டும் என்று நினைத்த இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பாஞ்சோவின் ஐந்தாவது தந்தியும் சுருதிதான். அது மற்ற நான்கைவிடக் குட்டை, அதன் முறுக்காணி கழுத்தின் நடுவிலேயே இருக்கும். கிளாஹாமர் என்கிற பாணியில் வலது கையை நண்டுக் கொடுக்கு மாதிரி மடக்கி, நகத்தின் முதுகால் தந்தியை மேலிருந்து கீழே தட்டுவார்கள், கட்டைவிரல் மட்டும் அந்தக் குட்டைத் தந்தியில் ஊன்றி ஊன்றி எழும். நான் ஒன்றரை வருஷமாகக் கற்கிறேன். முதல் மூன்று மாதம் அந்த ஒரு அசைவுதான், வேறொன்றும் இல்லை.

ஜாம் என்று கூடி வாசிக்க உட்கார்ந்தால் வட்டமாக நாற்காலி போடுவார்கள், நடுவில் ஃபிடில், அவருக்கு எதிரில் பாஞ்சோ. ஒரே மெட்டைப் பத்து நிமிஷம்கூட வாசிப்பார்கள். முடிக்கப் போகிறோம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், மெட்டைத் தொடங்கியவர் ஒரு காலைத் தூக்கிக் காட்டுவார். அந்தச் சுற்றோடு எல்லோரும் ஒன்றாக நிறுத்தியாக வேண்டும்.

முத்து78

எனக்கு இந்த இசை அறிமுகமானதே ஓல்ட் க்ரோ மெடிசின் ஷோவின் 'வேகன் வீல்' பாட்டு வழியாகத்தான். காலேஜில் ஒரு ரூம்மேட் கிதாரில் வாசிப்பான். அது பழைய நாட்டுப்புறப் பாட்டு என்றே பல வருஷம் நினைத்திருந்தேன், அப்புறம்தான் பாப் டிலன் பெயர் அடிபடுவதைப் பார்த்தேன். உண்மையில் யார் பாட்டு அது? பழையதட்டு அண்ணனுக்கு இதுவும் வேஷம்தானா?

பழையதட்டு

இல்லை முத்து, அதை வேஷம் என்று சொல்ல மாட்டேன். 1973இல் ஒரு படத்துக்குப் பாட்டு பதிவு செய்துகொண்டிருந்தபோது டிலன் பல்லவி மட்டும் பாடி, சரணம் எழுதாமல் விட்டுவிட்ட ஒரு துண்டு அது. திருட்டுப் பதிவாகச் சுற்றிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஓல்ட் க்ரோவின் கெட்ச் செகர், பதின்ம வயதுப் பையனாக இருந்தபோது, வீட்டு நினைப்பு தாங்காமல் சரணங்களை எழுதிச் சேர்த்தார். 2004இல் தட்டாக வந்தது. இருவர் பெயரிலும் உரிமை. அந்தப் பல்லவியில் வருகிற சொற்றொடரோ டிலனுக்கும் முன்னால் ஆர்தர் க்ரூடப் என்கிற ப்ளூஸ் பாடகரின் தட்டிலேயே இருக்கிறது. கடைசியில் 2013இல் டேரியஸ் ரக்கர் என்கிற கறுப்பினப் பாடகர் அதைப் பாடி கண்ட்ரி இசை வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். ஆக ஒரு கறுப்பர் வாயில் தொடங்கி, யூதரான டிலன், ஒரு வெள்ளைப் பையன் என்று சுற்றி மறுபடி ஒரு கறுப்பர் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது. பழைய மெட்டுகள் இப்படித்தான் நடந்திருக்கின்றன, இதை நான் மறுக்கவில்லை.

டர்ஹம்செந்தில்

ஓல்ட் க்ரோ குழு எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே பூன் நகரம்தான். ஒரு மருந்துக்கடை வாசலில் நின்று சில்லறைக்கு வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக வந்த ஒரு பெண் கேட்டுவிட்டுப் போய்த் தன் அப்பாவைக் கூட்டிவந்தார். அப்பா டாக் வாட்சன். கண் தெரியாதவர், அந்த மலைக்கே கிதார் என்றால் அவர்தான். கேட்டவர் தன் மெர்ல்ஃபெஸ்ட் விழாவில் வாசிக்க வரச் சொன்னார். அது 2000 வாக்கில். ஐந்து வருஷம் கழித்து அதே ஊரில்தான் கிடன்ஸும் மற்ற இருவரும் சந்திக்கிறார்கள். தாம்ஸன், வாட்சன் இருவரும் இறந்தது ஒரே வருஷம், 2012.

பழையதட்டு ஐயாவின் கேள்விக்கு வருகிறேன், தொப்பி போடுவதை வைத்து நான் யாரையும் தள்ள மாட்டேன். யாரிடம் போய் உட்கார்ந்தார்கள், யார் காது கொடுத்துக் கேட்டு 'இரு' என்று சொன்னார், அதைத்தான் பார்ப்பேன்.

மலைக்காற்று

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பாஞ்சோ வெள்ளைக்காரக் கிராமத்து வாத்தியம்தானே? கறுப்பினத்தவர் அதில் ப்ளூஸ், ஜாஸ் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். 'கறுப்பின பாஞ்சோ கூடுகை' என்றால் ஏன் ஒரு தனிக் கூடுகை?

டர்ஹம்செந்தில்

நல்ல கேள்வி. நீங்கள் மட்டும் இல்லை, அமெரிக்காவில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாஞ்சோ ஆப்பிரிக்க வழி வந்த வாத்தியம். அடிமைகளாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் அமெரிக்கக் கரையிலும் சுரைக்குடுக்கையை வெட்டி, தோல் போர்த்தி, கம்பு செருகித் தந்தி கட்டிச் செய்ததுதான் முதல் பாஞ்சோ. செனகல், காம்பியா பகுதியில் ஜோலா மக்களிடம் அகோண்டிங் என்று ஒரு வாத்தியம் இன்றும் இருக்கிறது. அதே சுரைக்குடுக்கை, அதே தோல், அதே மாதிரி ஒரு குட்டைத் தந்தி. நான் மேலே எழுதினேனே, நகத்தால் மேலிருந்து கீழே தட்டிக் கட்டைவிரலால் குட்டைத் தந்தியைத் தொடுவது, அந்த வாசிப்பும் அங்கே அப்படியே இருக்கிறது. காம்பியாவைச் சேர்ந்த டேனியல் ஜட்டா அதை அமெரிக்க பாஞ்சோக்காரர்களுக்கு எடுத்துக் காட்டியபோது இங்கே பெரிய அதிர்வு. நான் மூன்று மாதம் மல்லுக்கட்டிய அந்த அசைவு கடல் தாண்டி வந்தது என்று தெரிந்ததும் என் கையையே வேறு மாதிரி பார்த்தேன்.

அப்புறம் எப்படி வெள்ளையர் வாத்தியமாகிவிட்டது? 1830களில் வர்ஜீனியாவின் ஜோயல் வாக்கர் ஸ்வீனி என்பவர் அதைக் கற்று மேடையேற்றினார். 1843இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் என்ற குழு, வெள்ளையர்கள், முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் முழுநீள நிகழ்ச்சியாக அதை நடத்தியது. அடுத்த பல பத்தாண்டுகள் அமெரிக்காவின் மிகப் பிரபலமான பொழுதுபோக்கு அதுதான். தன் வாத்தியத்தையே தன்னை அவமானப்படுத்தும் ஆயுதமாகப் பார்த்த பிறகு யாருக்குத் தான் கையில் எடுக்கத் தோன்றும்? மக்கள் அதை விட்டு விலக அது ஒரு காரணம். நகரங்களுக்குக் குடிபெயர்ந்ததும் கிதார் வந்ததும் மற்றக் காரணங்கள்.

ஒஹாயோ மாநிலத்தில் நாக்ஸ் கவுண்டியில் ஒரு கல்லறைக் கல் இருக்கிறது. பென், லூ ஸ்னோடன் என்ற கறுப்பினச் சகோதரர்களுடையது. தெற்கின் தேசிய கீதம் போல ஆகிவிட்ட 'டிக்ஸி' பாட்டை டான் எம்மெட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் இவர்கள் என்று கல்லிலேயே பொறித்திருக்கிறது. எம்மெட் அந்த வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸில் ஒருவர், அதே ஊர்ப்பக்கத்துக்காரர். கல் சொல்வது உண்மையா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ட்ராப்ஸ் குழுவின் 2010 ஆல்பத்துக்குத் தலைப்புத் தந்த மெட்டு அந்த ஸ்னோடன் குடும்பத்தின் பெயரில் உள்ளது. அந்த ஆல்பத்துக்கு 2011இல் பாரம்பரிய நாட்டுப்புற இசைக்கான கிராமி கிடைத்தது. கிடன்ஸ் மேடையில் வாசிப்பது 1858ஆம் வருஷத்து பாஞ்சோ ஒன்றின் நகல். தந்தியின் இறுக்கம் குறைவு, சத்தம் தொண்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும்.

பழையதட்டு

செந்தில் எழுதியதைப் படித்துவிட்டு என் அலமாரி முன்னால் போய் நின்றேன். என் வாதத்தில் ஓட்டை இருக்கிறது, அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

1920களில் கம்பெனிகள் தட்டுகளை இரண்டு பட்டியலாக விற்றன. கறுப்பர்கள் பாடியது 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', தெற்கத்திய வெள்ளையர்கள் வாசித்தது 'ஹில்பில்லி' அல்லது 'பழைய கால மெட்டுகள்'. 1920இல் மேமி ஸ்மித்தின் ப்ளூஸ் தட்டு பிய்த்துக்கொண்டு போன பிறகு கறுப்பர் என்றால் ப்ளூஸ் பாடு என்றார்கள். 1923இல் ஃபிட்லின் ஜான் கார்சனின் தட்டு விற்றதும் ஃபிடில் என்றால் வெள்ளையர் என்று ஆயிற்று. ஃபிடில் எடுத்துக்கொண்டு வந்த கறுப்பர் ஒருவரைப் பதிவு செய்ய எந்தப் பட்டியலில் இடம்? மிஸிஸிப்பி ஷேக்ஸ் மாதிரி சில குழுக்கள் 1930இல் தப்பி வந்தன, அவ்வளவுதான். 1927இல் சார்லட்டில் ஆண்ட்ரூ பாக்ஸ்டர் என்கிற கறுப்பின ஃபிடில்காரர் ஜார்ஜியா யெல்லோ ஹாமர்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு உட்கார்ந்து ஒரு மெட்டு வாசித்திருக்கிறார். அதே பதிவு நாட்களில் அவருடைய சொந்தத் தட்டுகள் வேறு பட்டியலுக்குப் போயின. ஊரில் சேர்ந்து வாசித்தவர்களைத் தட்டு பிரித்துவிட்டது.

ஆக நான் 'மூலத்தைக் கேளுங்கள்' என்று சொன்னேனே, அந்த மூலமே ஒரு வியாபாரி சல்லடையில் சலித்துக் கொடுத்தது. ஜோ தாம்ஸன் வாசித்ததற்கு என் அலமாரியில் தட்டு கிடையாது. அது மெபேனில் அந்த அறையில்தான் உயிரோடு இருந்தது. அந்தப் பிள்ளைகள் வியாழக்கிழமை போகாமல் இருந்திருந்தால் போயிருக்கும். தட்டை நம்பி நான் பேசியது தவறு.

தொப்பிக் குழுக்களைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

முத்து78

ஐயா இப்படி எழுதியது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நான் இன்னொரு பக்கம் இழுக்கிறேன். ட்ராப்ஸ் குழு 2001இல் ப்ளூ கான்ட்ரெல் பாடிய ஒரு ஆர் அண்ட் பி பாட்டை ஃபிடில், பாஞ்சோ, வாயால் போடும் பீட்பாக்ஸ் என்று வாசித்திருக்கிறார்களே. எனக்கு ரொம்பப் பிடித்த பதிவு. துரோகம் செய்தவன் காசைச் செலவழித்தே பழி தீர்க்கிற பெண்ணின் பாட்டு. இதுவும் பரம்பரையில் சேருமா?

வயலின்காயத்ரி

முதலில் எனக்கு ஒட்டவில்லை, மூன்றாவது தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது. கிடன்ஸ் ஃபிடிலில் ஒரு சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், பாஞ்சோ அதற்கடியில் ஒரே நடையில் போகிறது, வாய்த் தாளம் பாஞ்சோ விடுகிற இடைவெளிகளில் விழுகிறது. அதாவது புதுப் பாட்டைப் பழைய நடைக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள். பழைய பாட்டுக்கு டிரம்ஸ் போட்டிருந்தால் எனக்கும் பிடித்திருக்காது.

இன்னொன்று, கிடன்ஸ் ஓபர்லின் இசைப் பள்ளியில் ஓபரா படித்தவர் என்று படித்தேன். குரலில் அது தெரிகிறது, ஆனால் எங்கேயும் தூக்கலாக இல்லை.

டர்ஹம்செந்தில்

காயத்ரி சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஜோ தாம்ஸனே ஆட்டத்துக்கு வாசித்தவர், கால் ஆடாவிட்டால் அவருக்கு அது இசையே இல்லை.

மேலே போக நினைப்பவர்களுக்குச் சில பெயர்கள். கிடன்ஸும் மூன்று கறுப்பினப் பெண் பாஞ்சோக் கலைஞர்களும் சேர்ந்த 'அவர் நேட்டிவ் டாட்டர்ஸ்' என்ற குழுவின் தட்டு, 2019, ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் வெளியீடு. அடிமைப்பட்ட பெண்களின் கதைகள், எளிதாகக் கேட்கக்கூடியதில்லை, ஒரே மூச்சில் கேட்காதீர்கள். டாம் ஃப்ளெமன்ஸின் கறுப்பினக் கௌபாய்கள் பற்றிய தட்டு, 2018. ஜேக் ப்ளவுன்ட் என்கிற இளைஞர், பழைய கறுப்பினப் பக்திப் பாடல்களை எடுத்து, புவி சூடாகி எல்லாம் அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் கூடிப் பாடுவதாகக் கற்பனை செய்து 2022இல் ஒரு ஆல்பம் போட்டார். இந்த இழையின் தலைப்புக்கு அதைவிடத் துணிச்சலான பதில் எனக்குத் தெரியாது. அன்கிள் ஏர்ல், பெண்கள் மட்டும் உள்ள குழு, 2007 தட்டைத் தயாரித்தவர் லெட் ஸெப்பலின் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். பழையதட்டு ஐயா இதைக் கேட்க வேண்டும், தொப்பி எதுவும் இல்லை.

கிடன்ஸ் 2023இல் 'ஒமர்' என்ற ஓபராவுக்காக மைக்கேல் ஏபல்ஸோடு சேர்ந்து புலிட்ஸர் பரிசு வாங்கினார். 2024இல் பியான்ஸே கண்ட்ரி பாட்டு ஒன்று வெளியிட்டாரே, அதில் பாஞ்சோ வாசிப்பது இவர்தான். உலகம் முழுக்க ஓடிய அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற பாஞ்சோவுக்குப் பின்னால் மெபேன் வியாழக்கிழமைகள் இருக்கின்றன.

வயலின்காயத்ரி

நேற்று வீட்டில் வாசித்துப் பார்த்தேன். சுருதி மட்டும் ஏ-க்கு ஏற்றினேன், இன்னும் கொஞ்சம் ஏற்றியிருந்தால் தந்தி அறுந்திருக்கும். உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்து, செந்தில் அண்ணா அனுப்பிய மெட்டை இருபது நிமிஷம் சுற்றினேன். கை தானாகவே கமகம் போடப் போகிறது, நிறுத்தவே முடியவில்லை. என்ன செய்வது?

டர்ஹம்செந்தில்

இடது கையை மறந்துவிடுங்கள். எனக்குச் சொல்லித்தருகிறவர் முதல் நாளே சொன்னது, ஃபிடிலில் மெட்டு இடது கையில் இருக்கலாம், ஆட்டம் வலது கையில்தான். வில்லைச் சின்னதாக, நுனிப்பக்கம் வைத்து, ஒரு நீளம் இரண்டு குட்டை என்று மாற்றி மாற்றி இழுங்கள். ஸ்வரம் ஒவ்வொன்றையும் அழகுபடுத்த வேண்டாம், பக்கத்துத் தந்தியையும் சேர்த்துத் தொடுங்கள். யாராவது எதிரே ஆடுவதாக நினைத்துக்கொண்டு வாசியுங்கள், கமகத்துக்கு நேரமே இருக்காது.

பழையதட்டு

செந்தில் சொன்ன பெண்கள் குழுவைக் கேட்டேன். நன்றாக இருந்தது. அதிலிருந்து 2025இல் கிடன்ஸும் ஜஸ்டின் ராபின்சனும் மட்டும் சேர்ந்து கொண்டுவந்த ஆல்பத்துக்குப் போனேன். ஒரு ஃபிடில், ஒரு பாஞ்சோ, வேறொன்றும் இல்லை. பீட்பாக்ஸ் எல்லாம் தாண்டி இருபது வருஷம் கழித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறார்கள். பல மெட்டுகள் ஜோ தாம்ஸனிடம் கற்றவை. ஸ்டுடியோவில் இல்லை, வெளியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள், அவர் வீட்டிலும்.

ஹெட்ஃபோன் வைத்துக் கேளுங்கள். மெட்டு முடிந்து கடைசித் தந்தி அடங்கிய பிறகும் பதிவை உடனே நிறுத்தாமல் விட்டிருக்கிறார்கள். சிள்வண்டுச் சத்தம் அப்படியே விழுந்திருக்கிறது.